சிரிப்பின் செலவை யார் ஏற்பது?

பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித்துக்கு, பயணம் மனிதனைப் பண்படுத்தும் என்பதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அவர் காலத்துப் பிரிட்டனில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பதினேழு, பதினெட்டு வயதில் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பிவைப்பது வழக்கம். அவ்வாறு சென்றுவரும் இளைஞன் முன்னிலும் மிகுந்த செருக்கோடும் குறைந்த ஒழுக்கத்தோடும்தான் இருபத்தொரு வயதில் வீடு திரும்புகிறான் என்று, 1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் அவர் எழுதினார்.

இதை அவர் கேள்வி ஞானத்தால் எழுதவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை 1764-இல் துறந்து, ஓர் இளம் பிரபுவின் ஆசானாக 1766 வரை பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் சுற்றிவந்தவர் அவர். அந்தப் பணிக்காக ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியமும் பெற்றார். பயணத்தால் பயனடைந்தவரே பயணிகளைக் குறித்து இத்தகைய தீர்ப்பை வழங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்மித்தின் குற்றச்சாட்டு இன்றைக்கும் பொருந்தும். வெளிநாடு சென்று திரும்பியவரிடம் சிறிது நேரம் பேசிப் பாருங்கள். அங்குள்ள சாலைகளின் தூய்மை, இங்குள்ள சாலைகளின் அவலம், தாம் தங்கிய விடுதி, அதன் வாடகை என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டிருப்பவர் மெல்ல மெல்லச் சிறுத்துப்போவார். பயணம் சென்றவர் வளர்கிறார், செல்லாதவர் தேய்கிறார்.

பயண எழுத்தில் ஒரே ஒரு வகை மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றுகிறது. தம் பயணத்தில் தாம் பட்ட பாட்டைத் தாமே நகைத்துச் சொல்லும் அனுபவ நூல்களே அவை. அவற்றில் பயணி, புறப்பட்டபோது இருந்ததைவிடச் சற்றுச் சிறிய மனிதராகத் திரும்புகிறார், வாசகர் உயர்கிறார். இத்தகைய நூல்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சலிக்காமல் படிக்கப்படுவதற்கு நகைச்சுவை மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. அவற்றின் அடியில் நம்பிக்கை, பொறாமை, மானம் ஆகிய மூன்றும் கலந்த ஒரு கணக்கு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கை இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் நம்பிக்கை. ஒரு பொருளை விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்கெடுகிறது என்பதை, பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்த ஆய்வு வழிக்காக 2001-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். பயணக் கதையும் பழைய காரைப் போன்றதே. சென்றவருக்கு எல்லாம் தெரியும். கேட்பவருக்கு எதுவும் தெரியாது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழி இந்தச் சந்தையின் இயல்பை நன்கு அறிந்தவர்கள் சொன்னது. அங்கே எல்லாம் அருமை என்று ஒருவர் சொல்லும்போது, அது உண்மையா, செலவழித்த பணத்துக்கான சமாதானமா என்று கேட்பவரால் பிரித்தறிய முடியாது.

ஆனால், ஒருவர் தமக்கே இழுக்கு தரக்கூடிய செய்தியைச் சொல்லும்போது நாம் ஐயப்படுவதில்லை. வழி தவறினேன், பயந்தேன், ஏமாந்தேன் என்பவர் பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன? தம் மதிப்பிலிருந்து ஒரு பகுதியை அவர் முன்பணமாகச் செலுத்திவிடுகிறார். அதனால், அவர் அடுத்துச் சொல்லும் மலையின் அழகையும் மனிதர்களின் அன்பையும் நாம் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறோம்.

இந்த வகையின் புகழ்பெற்ற நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தென்படும். ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்' 1889-இல் வெளியானது. தேம்ஸ் நதியில் கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு வரை படகில் சென்று திரும்பப் புறப்பட்ட மூன்று நண்பர்கள், திரும்பும் வழியில் மழை தாங்காமல் படகை விட்டுவிட்டு, ரயிலேறி லண்டனுக்குச் சென்று வயிறாரச் சாப்பிடுகின்றனர். லண்டனில் ஆடை வணிகத்தில் இருந்த எரிக் நியூபி, வேல்ஸ் பகுதியில் சில நாள் மட்டும் மலையேறப் பழகிவிட்டு, 1956-இல் தம் நண்பருடன் ஆப்கானிஸ்தானின் மீர் சமீர் மலையில் ஏறக் கிளம்பினார். இருவரும் சிகரத்தை எட்டாமலேயே இறங்கினர். பில் பிரைசன் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை நடந்து கடக்க முற்பட்டு, 2,100 மைலுக்கும் மேற்பட்ட அந்தப் பாதையில் ஏறத்தாழ 870 மைல் மட்டுமே நடந்தார். 1998-இல் அந்த அனுபவத்தை 'எ வாக் இன் தி வுட்ஸ்' என்ற நூலாக்கினார்.

மூன்றுமே முடிக்கப்படாத பயணங்கள். இவை முழுமையான வெற்றியில் முடிந்திருந்தால், தேம்ஸுக்கு ஒரு வழிகாட்டி நூலும், மலையேற்றச் சங்கத்தின் ஆவணத்தில் ஒரு பதிவும், நெடும்பாதை நடந்தோர் பட்டியலில் ஒரு பெயரும் கூடியிருக்கும். தோல்வியே அவற்றை இலக்கியமாக்கியது.

ஜெரோமின் நூல் உருவான விதமும் இதற்குச் சான்று. தேம்ஸ் நதிக்கரையின் வரலாற்றையும் இயற்கை எழிலையும் விவரிக்கும் நூல் ஒன்றை எழுதவே அவர் முதலில் திட்டமிட்டார். இடையிடையே சிறிது நகைச்சுவை சேர்க்கலாம் என்பது எண்ணம். எழுத எழுத நகைச்சுவை பெருகி, வரலாறு ஓரத்துக்குப் போயிற்று. திறப்பான் இல்லாமல் ஓர் அன்னாசிப் பழ டப்பாவோடு மூன்று ஆண்கள் நடத்தும் போராட்டம், அந்நதிக்கரையின் கோட்டைகளைக் காட்டிலும் வாசகர் நினைவில் நிலைத்துவிட்டது.

அக்கால விமர்சகர்களுக்கு அந்நூல் பிடிக்கவில்லை. அதன் கொச்சை மொழியையும், அதில் வரும் எழுத்தர் வர்க்கத்து இளைஞர்களையும் அவர்கள் ஏளனம் செய்தனர். ஜெரோமே சிறுவயதில் ரயில்வே எழுத்தராக வேலை பார்த்தவர். பிரிட்டனில் 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. ரயில் கட்டணமும் எளியோர்க்கு எட்டும் அளவுக்கு வந்தது. அதுவரை பிரபுக்களின் தனியுரிமையாக இருந்த உல்லாசப் பயணம், மாதச் சம்பளக்காரருக்கும் இரண்டு வாரத்துக்காவது கிடைத்தது. மேட்டுக்குடிப் பயணி தம் கல்வியைக் காட்டப் பயண நூல் எழுதினார். எழுத்தருக்கோ காட்டுவதற்குக் கல்வியும் இல்லை, பரம்பரையும் இல்லை. தம் அசட்டுத்தனம் ஒன்றே அவரிடமிருந்த மூலதனம். அதை முதலீடு செய்து, விமர்சகர்கள் மறைந்த பின்னும் விற்பனையாகும் ஒரு நூலை அவர் ஆக்கினார்.

இரண்டாவது, பொறாமை. பயணச் செய்தியைக் கேட்பவருக்குப் பொறாமை எழுவது இயல்பு. ஃபிரெட் ஹிர்ஷ் என்னும் பொருளியலாளர் 1976-இல் எழுதிய 'வளர்ச்சியின் சமூக எல்லைகள்' என்ற நூலில், சில பொருள்களின் மதிப்பே அவை பிறருக்குக் கிடைக்காமல் இருப்பதில்தான் உள்ளது என்று சுட்டிக்காட்டினார். ஆளரவமற்ற கடற்கரை அத்தகையது. அங்கே நான் இருக்கிறேன் என்பதைக் காட்டிலும், நீங்கள் இல்லை என்பதே அதன் விலை. செல்பேசியில் வந்து விழும் சுற்றுலாப் படங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. படம் எடுத்தவருக்கு வரவு, பார்ப்பவருக்குச் செலவு.

வேடிக்கையான இன்னல் இதற்கு நேர் எதிரானது. அதைப் பகிர்வதால் எவர் பங்கும் குறைவதில்லை. ஐரோப்பாவுக்குப் பத்து நாள் குழுச் சுற்றுலா சென்று வந்த ஓய்வூதியர்கள் கூடுமிடத்தில் இதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். ஈபிள் கோபுரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது, போகாதவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றனர். பெட்டிக்குள் ஊறுகாய்ப் புட்டி உடைந்து, கோட்டிலிருந்து காலுறை வரை ஆவக்காய் மணம் வீசியபடி ஒருவர் ஐந்து நாடுகளைச் சுற்றிய கதை தொடங்கும்போது அனைவரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்கின்றனர். கோபுரம் போனவருக்கு மட்டுமே சொந்தம். ஊறுகாய் எல்லோருக்கும் பொது.

துன்பம் வரும்போதே சிரிக்கும்படி வள்ளுவர் 'இடுக்கணழியாமை' அதிகாரத்தின் தொடக்கத்தில் அறிவுறுத்துகிறார். அது சான்றோர்க்கு இயலும். நம்மைப் போன்றோருக்குத் துன்பம் நீங்கி ஆறு மாதம் கழிந்த பிறகே சிரிப்பு வருகிறது. அனுபவிக்கும் மனமும் நினைவுகூரும் மனமும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்கள் வைத்திருக்கின்றன என்று உளவியலாளர் டேனியல் கானமன் விளக்கினார். 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். முதல் புத்தகத்தில் நட்டமாகப் பதிவான ஒரு நாள், இரண்டாவது புத்தகத்தில் சொத்தாக மாறக்கூடும். நகைச்சுவைப் பயண நூலாசிரியர் செய்வது இந்தப் பெயர்த்தெழுதலைத்தான்.

இதில் ஒரு முரணும் உண்டு. விளம்பரத் துறையிலிருந்து விலகித் தெற்கு பிரான்சில் குடியேறிய பீட்டர் மெய்ல் என்ற ஆங்கிலேயர், பழைய பண்ணைவீடு ஒன்றைச் செப்பனிட முயன்று, வேலைக்கு வருவதாகச் சொல்லி வராத கொத்தனார்களோடும் குழாய்ப் பணியாளரோடும் ஓராண்டு அல்லாடிய கதையை 1989-இல் 'எ இயர் இன் ப்ரொவான்ஸ்' என்ற நூலாக எழுதினார். முதலில் அச்சிட்டவை 3,000 படிகள் மட்டுமே. பின்னர் அது பல மொழிகளில் பெருவாரியாக விற்பனையாயிற்று. விளைவு, வாசகர்கள் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கத் தொடங்கினர். அமைதி தேடிப் போனவர், தாம் எழுதிய நூலாலேயே அமைதியிழந்து, சில ஆண்டுகள் அமெரிக்காவுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. பகிர்ந்தால் குறையாதது சிரிப்பு. பகிர்ந்தால் குறைவது இடம்.

மெய்லின் கதையில் மற்றொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அந்தக் கொத்தனாரும் குழாய்ப் பணியாளரும் சிரிப்புக்குப் பொருளானார்கள். அவர்களிடம் யார் அனுமதி கேட்டார்கள்? நான் முன்னர் குறிப்பிட்ட மூன்றாவது அம்சமாகிய மானம் இங்கேதான் நுழைகிறது.

மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறும் தொல்காப்பியம், நகையை அவற்றுள் முதலாவதாக வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைச் சொல்கிறது. பயண எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. எள்ளல் என்பது இகழ்ந்து நகைப்பது. இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெள்ளை மனம்.

புதிய நாட்டில் கால் வைக்கும் எந்த மனிதரும் பின்னைய மூன்றுக்கும் ஆளாகிறார். ஐம்பது வயதுக்காரர், சாலையைக் கடக்க அஞ்சும் குழந்தையாகிறார். சொந்த ஊரில் பத்துப் பேருக்கு அறிவுரை சொல்பவர், ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு இயந்திரத்தின் முன் எழுத்தறியாதவராக நிற்கிறார். கடைக்காரர் சொல்லும் விலையை நம்புகிறார். இந்த மூன்றிலிருந்தும் பிறக்கும் சிரிப்பு பயணியின் கணக்கில் எழுதப்படுகிறது. எள்ளலிலிருந்து பிறக்கும் சிரிப்போ பெரும்பாலும் ஊர்க்காரரின் கணக்கில் எழுதப்படுகிறது. அந்தச் செலவை யார் ஏற்கிறார் என்பதே நல்ல பயண நூலையும் அல்லாததையும் பிரிக்கும் கோடு.

இந்தக் கோட்டை ஆங்கிலத்தில் முதலில் வரைந்தவர்களுள் ஒருவர் லாரன்ஸ் ஸ்டெர்ன். டோபியாஸ் ஸ்மாலெட் என்ற நாவலாசிரியர் பிரான்சையும் இத்தாலியையும் சுற்றி, உணவு, விடுதி, மக்கள் என யாவற்றையும் குறைகூறி 1766-இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் வெளியான தம் 'எ சென்டிமென்ட்டல் ஜர்னி' நூலில், எதிலும் குறை காணும் ஒரு பயணியைப் படைத்து ஸ்டெர்ன் அவரைக் கேலி செய்தார். குறைகூறும் பயணி தம் அசௌகரியத்துக்கான விலைச்சீட்டை அந்நாட்டிடம் நீட்டுகிறார். நகைக்கும் பயணி அதைத் தாமே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். இருவருக்கும் நேர்ந்த இன்னல் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆனால், நகைக்கும் பயணி எல்லா வேளையிலும் தம் பையிலிருந்தே செலவிடுவதில்லை. இதற்கு மார்க் ட்வெய்னைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1867-இல் 'குவாக்கர் சிட்டி' என்ற கப்பலில் அமெரிக்கப் பயணியர் குழு ஒன்று ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் புறப்பட்டது. கட்டணம் 1,250 டாலர். அந்நாளில் அது பெருந்தொகை. கலிஃபோர்னியா நாளிதழ் ஒன்று, கடிதங்கள் எழுதி அனுப்ப வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் ட்வெய்னுக்காக அதைச் செலுத்தியது. அக்கடிதங்களிலிருந்து உருவாகி 1869-இல் வெளிவந்த 'தி இன்னொசென்ட்ஸ் அப்ராட்', முகவர்கள் வீடு வீடாகச் சென்று விற்றதில், முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 70,000 படிகள் விற்பனையாயிற்று.

அந்நூலின் பெரும் பகுதி, தம் நாட்டுப் பயணிகள்மீதான எள்ளல். புனிதத் தலங்களில் நினைவுப்பொருளுக்காகக் கல்லைப் பெயர்த்தெடுக்கும் சக யாத்திரிகர்களை அவர் விட்டுவைக்கவில்லை. மாபெரும் ஓவியங்களைக் கண்டு உள்ளூர அலுத்தாலும், வழிகாட்டி நூல் பரவசப்படச் சொல்வதால் பரவசப்படும் போலித்தனத்தையும் தோலுரித்தார். ஆனால், அதே நூலில், வாயில் நுழையாத பெயர்களைக் கற்கச் சோம்பி, வழிகாட்டிகள் எல்லோருக்கும் ஃபெர்குசன் என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறார். கிழக்கு நாடுகளை அடைந்ததும் ஏழைகளின் அழுக்கும் நோயும்கூட அவருக்கு நகைப்புக்குரியனவாகிவிடுகின்றன. அந்தப் பக்கங்களை இன்று படிக்கையில் உதட்டில் சிரிப்பு உறைந்துபோகிறது. அவற்றில் செலவை ஏற்றவர்கள், அந்நூலை ஒருநாளும் படிக்க வாய்ப்பில்லாதவர்கள்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே எழுத்தாளர் மீண்டும் உலகைச் சுற்றினார். இம்முறை உல்லாசத்துக்காக அல்ல. அவரது பதிப்பகம் 1894-இல் நொடித்துப்போயிருந்தது. அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் கொட்டிய முதலும் போயிருந்தது. கடன்காரர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக வாக்களித்து, அறுபதை நெருங்கும் வயதில், நாடு நாடாக மேடையேறி நகைச்சுவை உரை நிகழ்த்தப் புறப்பட்டார். இலங்கை வழியாக 1896 ஜனவரியில் பம்பாய் வந்திறங்கினார். அந்தப் பயணத்தின் விளைவாக 1897-இல் 'ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்' என்ற நூல் வெளிவந்தது. 1898-க்குள் கடன்கள் யாவும் அடைந்தன. சிரிப்பைக் கொண்டு கடனடைத்த வரலாறு பொருளியல் மாணவர்களுக்குச் சொல்லத்தக்கது.

பழைய பழக்கம் அந்நூலிலும் எட்டிப்பார்க்கிறது. இந்தியாவில் தமக்கு அமைந்த பணியாளருக்குச் 'சாத்தான்' என்று பெயரிட்டு மகிழ்கிறார். ஆனால், பம்பாய் விடுதியில் நடந்த ஒரு சம்பவத்தில் அவர் நிலை மாறுகிறது. அறையைச் சரிபார்க்க வந்த ஜெர்மானியர் ஒருவர், காரணம் ஏதும் சொல்லாமல், இந்தியப் பணியாளர் ஒருவரின் கன்னத்தில் அறைகிறார். அறை வாங்கியவர் மறுசொல் பேசவில்லை. ட்வெய்னின் நினைவு அக்கணமே, அடிமை முறை நிலவிய மிசௌரியில் தாம் கழித்த சிறுவயதுக்குத் தாவுகிறது. அடிமைகள் இவ்வாறே அறைபட்டதையும், ஓர் அடிமை அற்பக் காரணத்துக்காகக் கொல்லப்பட்டதையும் எழுதுகிறார். நகைச்சுவையாளர் அங்கே நகைச்சுவையை நிறுத்திவிடுகிறார்.

என் பார்வையில் இந்த வகை இலக்கியத்தின் உச்சம் அந்தப் பக்கங்களே. தம்மைப் பார்த்துச் சிரித்துப் பழகிய ஒருவரால்தான், அயல்நாட்டு அநீதியில் தம் வீட்டு அநீதியை அடையாளம் காண முடிந்தது. செருக்கோடு வந்தவராக இருந்திருந்தால், இந்தியர்களின் பொறுமை பற்றியோ ஜெர்மானியரின் முரட்டுத்தனம் பற்றியோ ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்.

மேற்சொன்ன நூல்கள் எல்லாம் செல்வ நாட்டவர் எழுதியவை. எதிர்த்திசையில் பயணம் செய்தவருக்குச் சிரிப்பு வேறு விதமாக அமைகிறது. தமிழில் அதற்குச் சிறந்த சான்று அசோகமித்திரனின் 'ஒற்றன்!'. 1973-இல் அமெரிக்காவின் அயோவா நகரில் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் நிகழ்வுக்குச் சென்று, அங்கே தங்கியிருந்த ஏழு மாத அனுபவத்தை அடியொற்றி அவர் எழுதியது அது. நாவல் என்றும் சொல்லலாம். பயண நினைவு என்றும் சொல்லலாம். இந்தியர்கள் எட்டு டாலரோடு விமானமேறியதாக நினைவுகூரப்படும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலம் அது. பல நாடுகளிலிருந்து வந்த எழுத்தாளர்கள், தத்தம் நாட்டுச் சாயலில் அவர்கள் பேசும் ஆங்கிலம், தாங்க முடியாத குளிர், புரியாத பழக்கங்கள், இவற்றுக்கு நடுவே தயங்கித் தயங்கி நடமாடும் ஒரு தமிழ் எழுத்தாளர். அவர் எவரையும் இகழவில்லை. தம்மையும் பரிதாபத்துக்குரியவராகக் காட்டிக்கொள்ளவில்லை. உரத்த சிரிப்பு எங்கும் இல்லை. ஆயினும் நூல் முழுவதும் ஒரு புன்னகை இழையோடுகிறது. கையில் காசில்லாத பயணிக்குப் பிறரை எள்ளும் வசதி கிடையாது. அதனால் அவர் உற்றுப் பார்க்கிறார்.

'குமரி மலர்' இதழை நடத்திய ஏ.கே. செட்டியாரிடமும் இப்பண்பைக் காணலாம். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து 1940-இல் அதை வெளியிட்டவர், தம் பயண எழுத்துகளில் தம்மைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார். சிறிய வாக்கியங்களில், சந்தித்த சாமானியர்களுக்கு இடம் தந்து ஒதுங்கி நின்றார்.

இன்று நம் நிலை மாறிவிட்டது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான தாராளமயத் திட்டத்தை ரிசர்வ் வங்கி 2004-இல் அறிமுகப்படுத்தியபோது, ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை கொண்டுசெல்லலாம் என்றிருந்தது. இப்போது அந்த வரம்பு 2,50,000 டாலர். இத்திட்டத்தின்கீழ் 2023-24 நிதியாண்டில் வெளியே சென்ற தொகையில் பாதிக்கும் மேற்பட்டது பயணச் செலவு. எட்டு டாலர் தலைமுறையின் பேரப்பிள்ளைகள், ஆடம் ஸ்மித் காலத்துப் பிரபுக் குமாரர்களின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றனர். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால், அந்தக் குமாரர்களின் நோயும் கூடவே வரும் என்பதை மறந்துவிடலாகாது.

அதன் அறிகுறிகள் தென்படுகின்றன. தமிழில் வெளியாகும் பயணக் காணொலிகளுள் நேர்மையும் பணிவும் கொண்டவை பல உண்டு. அவற்றின் நடுவே, நம்மைவிட ஏழ்மையான நாட்டுக்குச் சென்று, தெருவோர வியாபாரியின் உச்சரிப்பைப் பழித்துக் காட்டி, அவருக்குப் புரியாத தமிழில் அவர் முன்னாலேயே கேலி பேசிச் சிரிப்பவையும் கலந்திருக்கின்றன. அந்த வியாபாரியும் சிரிக்கிறார், எதற்கென்று தெரியாமல். ஃபெர்குசன் என்று பெயர் சூட்டப்பட்டவர்களின் வரிசையில் அவரும் சேர்கிறார். ஒரு காலத்தில் நம்மவரை அவ்வாறு அழைத்தார்கள். இப்போது நாம் அழைக்கிறோம்.

இதற்குக் கடல் கடக்கவும் தேவையில்லை. சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் உணவகங்களிலும் கட்டுமானத் தலங்களிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியும் ஒரு பயணிதான். முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு நாள் நின்றபடி வந்து, எழுத்துப் புரியாத ஊரில் இறங்கி, வழி கேட்டு, ஏமாந்து, மிளகாய் காரத்தில் கண்கலங்கி, பிழையான தமிழில் நமக்குத் தோசை பரிமாறுபவர். தொல்காப்பியம் சொல்லும் இளமை, பேதைமை, மடன் மூன்றையும் நாள்தோறும் கடந்து வருபவர். அவருடைய தமிழைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அவர் நம்மைப் பற்றி ஒரு நகைச்சுவைப் பயண நூல் எழுதினால் என்ன எழுதுவார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சொந்த ஊருக்குத் திரும்பி, கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, உறவினர் சூழ அவர் நம்மைப் பற்றிச் சொல்லும் கதைகள் நிச்சயம் இருக்கும். அவற்றில் நாம் எத்தகைய பாத்திரங்களாக வருகிறோமோ தெரியாது.

நகைச்சுவைப் பயண நூல்களைப் பொழுதுபோக்குக்கு உரியவை என்று ஒதுக்குவோரிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். இடம் மாறினால் எந்த மனிதரும் அசடாவார் என்ற உண்மையை அவை நமக்குப் பழக்குகின்றன. அந்த உண்மை பழகியவர், தம் ஊருக்கு வந்து விழிக்கும் அயலாரைக் கண்டால், சிரிப்பதற்கு முன் வழி சொல்வார். பயணம் செருக்கை வளர்க்கும் என்ற ஸ்மித்தின் அச்சத்துக்கு, அவர் அறியாத ஒரு மாற்று மருந்து இருக்கிறது. பட்ட பாட்டை மறைக்காமல் சொல்வதும், அதைச் சொல்லும்போது சிரிப்பின் செலவைத் தாமே ஏற்பதும்தான் அது.